வாளிப் பால் கணக்கும் சர்வர் கணக்கும்

புக்கிட் லிந்தாங் என்ற பெயர் மலாக்காக்காரர்களான நமக்குப் புதிதல்ல. 1896-இல் டான் சாய் யான் அங்கேதான் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காகப் போடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. அதற்கப்புறம் ஜாசின், அலோர் காஜா வட்டாரமெல்லாம் பால்மரக் காடாகி, நம் தாத்தா பாட்டிகள் இருட்டு கலையுமுன்னே மரம் சீவப் போனார்கள். அந்தக் காலத்து ஆட்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் ஒரு விஷயம் கட்டாயம் வரும். ஸ்டோரில் பால் நிறுத்த கதை.

வாளியில் எவ்வளவு பால் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக் கூலி போட முடியாது. பாலில் ரப்பர் என்பது சுமார் 30 முதல் 40 விழுக்காடுதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். மழை பெய்தால் மங்கில் தண்ணி சேரும். மரத்தின் ரகம், வயது, பருவம் எல்லாவற்றையும் பொறுத்து விகிதம் மாறும். அதனால் பாலில் கொஞ்சம் எடுத்து, தண்ணீர் கலந்து, மெட்ரோலக் என்ற மிதவைக் கருவியை அதில் விடுவார்கள். அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்து, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுவார்கள். ஒருவர் 20 லிட்டர் கொண்டு வருகிறார், விகிதம் 40. இன்னொருவர் 25 லிட்டர், விகிதம் 30. வாளியைப் பார்த்தால் இரண்டாமவர் கெட்டிக்காரர். காய்ந்த கணக்கில் முதலாமவருக்குச் சுமார் 8 கிலோ, இரண்டாமவருக்கு 7.5 தான்.

இந்த மாதப் பாடம் ரப்பர் பற்றியது இல்லை, பயப்படாதீங்க. டேட்டாபேஸ் சர்வர்களில் புரோசசரின் வேகத்தை எப்படி நியாயமாக ஒப்பிடுவது என்பதுதான் பாடம். ஆனால் பிரச்சினை அதேதான். "எங்கள் சர்வர் விநாடிக்கு 20,000 டிரான்ஸாக்ஷன் செய்யும்" என்று ஒரு விற்பனையாளர் வண்ண வண்ண பட்டை வரைபடம் காட்டினால், அது வாளிப் பால். அதில் தண்ணி எவ்வளவு என்று கேட்கத் தெரிய வேண்டும்.

நமக்கு எதுக்கு இதெல்லாம் என்று கேட்கலாம். நம் கோயில்களும் கூட்டுறவுக் கழகங்களும் சங்கங்களும் உறுப்பினர் பட்டியல், நன்கொடை, ரசீது எல்லாவற்றையும் கணினிக்குக் கொண்டுவருகின்றன. சர்வர் வாங்கும் பணம் பொதுப் பணம், உண்டியலில் விழுந்த பணம். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைதானே, எது நல்லது சொல்லு" என்று கமிட்டியில் கேட்கப்படுவது நாம்தான். வேலைக்குப் போனாலும் இதே கேள்வி வரும். 2024 ஆகஸ்டில் அமேசான் வெப் சர்வீசஸ் மலேசியாவிலேயே தன் கிளவுட் மையத்தைத் திறந்துவிட்டது. எந்த இன்ஸ்டன்ஸ் எடுப்பது என்று முடிவு செய்கிறவரின் மேசையிலும் இதே பட்டை வரைபடம்தான் இருக்கும்.

ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள் என்ன நடக்கிறது?

அர்ச்சனை ரசீது ஒன்று போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் முதலில் அந்தப் பக்தரின் பதிவைத் தேடும். அது மெமரியில் இருந்தால் உடனே கிடைக்கும், இல்லாவிட்டால் டிஸ்க்கிலிருந்து வர வேண்டும். பிறகு அந்த வரியைப் பூட்டும், மாற்றும். மாற்றத்தை லாக் என்ற குறிப்பேட்டில் எழுதும். அந்தக் குறிப்பு டிஸ்க்கில் பத்திரமாக விழுந்த பிறகுதான் "ஆச்சு" என்று பதில் சொல்லும். நடுவில் மின்சாரம் போனாலும் கணக்கு தொலையக் கூடாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இப்படி முதலில் லாக், பிறகு டேட்டா என்ற முறையை ஒழுங்குபடுத்தி, விழுந்த சர்வர் எழுந்து தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும் வழியை ஏரிஸ் என்ற பெயரில் 1992-இல் விரிவாக வெளியிட்டது ஐபிஎம் ஆய்வுக்கூடம். அந்தக் குழுவின் முதல் பெயர் சி. மோகன். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். இன்று உலகத்தில் ஓடும் பல பெரிய டேட்டாபேஸ்கள் அந்த வழியை ஒட்டித்தான் நடக்கின்றன. நம்ம ஆள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம், அவ்வளவுதான்.

இப்போது கவனியுங்கள். மேலே சொன்ன வேலையில் புரோசசர் உழைப்பது ஒரு பகுதிதான். மீதி நேரம் டிஸ்க்குக்காகவோ, பூட்டுக்காகவோ, நெட்வொர்க்குக்காகவோ காத்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

பழைய புரோசசருக்கு ஒரு டிரான்ஸாக்ஷனில் 0.2 மில்லிவிநாடி வேலை. புதியது இரண்டு மடங்கு வேகம், 0.1 மில்லிவிநாடியில் முடித்துவிடும். லாக் டிஸ்க்கில் விழ 2 மில்லிவிநாடி ஆகிறது. ஒரே ஒரு பயனர் ஒன்றன் பின் ஒன்றாக வேலை கொடுத்தால், பழையதில் மொத்தம் 2.2, புதியதில் 2.1. விநாடிக்கு 455 எதிர் 476. இரண்டு மடங்கு வேகமான புரோசசர் வெறும் 5 விழுக்காடு கூடுதலாகத் தெரிகிறது! அதே இரண்டையும் லாக் 0.05 மில்லிவிநாடியில் விழும் நல்ல எஸ்.எஸ்.டி.யில் வைத்துப் பாருங்கள். 0.25 எதிர் 0.15. விநாடிக்கு 4,000 எதிர் 6,667. இப்போது வித்தியாசம் 67 விழுக்காடு.

புரோசசர் மாறவில்லை. மாறியது டிஸ்க் மட்டும். அப்படியிருக்க பழைய புரோசசரை நல்ல எஸ்.எஸ்.டி.யிலும் புதியதை மெதுவான டிஸ்க்கிலும் வைத்து அளந்தால், பழையதுதான் எட்டு மடங்கு வேகம் என்றுகூட வரும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னும் மோசம். விநாடிக்கு 120 சுற்று. ஒவ்வொரு முறையும் லாக்கின் அடுத்த இடம் சுற்றி வரும்வரை காத்திருந்தால், ஒரு பயனரால் விநாடிக்கு ஏறத்தாழ 120 முறைக்கு மேல் முடிக்க முடியாது, நீங்க எந்தப் புரோசசரைப் போட்டாலும். பலர் ஒரே நேரத்தில் வந்தால் சர்வர் பல குறிப்புகளைச் சேர்த்து ஒரே தடவையில் எழுதிவிடும், எண் கூடும். ஆனால் அப்போதும் மாட்டிக்கொண்டு நிற்கும் இடம் டிஸ்க்தான்.

ஆகவே புரோசசரை ஒப்பிட வேண்டும் என்றால் முதல் நிபந்தனை: சோதனை ஓடும்போது புரோசசர்தான் திணறிக்கொண்டிருக்க வேண்டும். லினக்ஸில் டாப் என்ற கட்டளையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். புரோசசர் பாதிக்கு மேல் சும்மா இருக்கிறது என்று காட்டினால், வருகிற எண் வேறு எதையோ அளக்கிறது. அதைப் புரோசசரின் மார்க்காக எழுதக் கூடாது.

அன்னதானப் பந்தி

டிஸ்க்கை ஒழுங்கு பண்ணிவிட்டாலும் இன்னொரு பள்ளம் இருக்கிறது. நிறைய மாணவர்கள் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸையும் அதோடு வரும் பிஜிபெஞ்ச் என்ற சோதனைக் கருவியையும்தான் பயன்படுத்துகிறார்கள். இலவசம், நல்ல கருவி. அது ஒரு கற்பனை வங்கியை உருவாக்கும். ஸ்கேல் 1 என்றால் 1 கிளை, 10 காசாளர், 1,00,000 கணக்கு. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொள்வது இந்த ஸ்கேல் 1 தான். ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனும் ஒரு கணக்கு, ஒரு காசாளர், ஒரு கிளை மூன்றின் தொகையையும் மாற்றும். கிளை ஒன்றே ஒன்று! அப்படின்னா 32 பயனர்கள் வந்தாலும் அந்த ஒரு வரியின் பூட்டுக்காக 31 பேர் வரிசையில் நிற்பார்கள்.

மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். அன்னதானத்தில் சோறு போட எட்டுப் பேர் நிற்கலாம். பாயாசக் கரண்டி ஒன்றுதான் என்றால் வரிசை பாயாசத்தில்தான் நிற்கும். சோறு போட இன்னும் எட்டுப் பேரைக் கூப்பிட்டு என்ன பயன்? 4 கோர் புரோசசரும் 16 கோர் புரோசசரும் ஸ்கேல் 1-இல் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டுவதற்கு இதுதான் காரணம். பயனர் எண்ணிக்கைக்குக் குறையாத ஸ்கேல் வையுங்கள் என்று அந்தக் கருவியின் கையேடே சொல்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்!

ஸ்கேலைக் கூட்டினால் டேட்டாவும் பெருகும். ஸ்கேல் 100 சுமார் 1.5 ஜிபி வரும். மெமரிக்குள் அடங்குகிற அளவா, அடங்காத அளவா என்று இரண்டு சர்வரிலும் பார்க்க வேண்டும். ஒன்றில் 8 ஜிபி மெமரி, இன்னொன்றில் 32 ஜிபி, டேட்டா 20 ஜிபி என்றால் அது மெமரிப் போட்டி, புரோசசர் போட்டி இல்லை. போஸ்ட்கிரஸ் தனக்கென எடுத்துக்கொள்ளும் இடம், மாற்றாமல் விட்டால், 128 எம்பிதான். அதையும் இரண்டிலும் பார்த்து வையுங்கள். புரோசசரை மட்டும் தனியாகப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. டேட்டா முழுவதும் மெமரியில் அடங்கும்படி வைத்து, படிக்க மட்டும் செய்யும் சோதனையை ஓட்டுவது. பிஜிபெஞ்சில் அதற்குத் தனி ஆப்ஷன் இருக்கிறது. டிஸ்க்கும் பூட்டும் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். காய்ந்த ரப்பருக்கு மிக அருகில் வருவது இந்த எண்தான். ஆனால் உண்மையான கோயில் கணக்கில் எழுதும் வேலையும் உண்டு என்பதால் இரண்டையும் ஓட்டி, இரண்டையும் தனித்தனியாக எழுதுவது நல்லது.

கோர் என்பதும் திரெட் என்பதும்

"இதுவும் 8, அதுவும் 8" என்ற பேச்சை நம்பாதீங்க. கோர் என்பது உண்மையான வேலையாள். ஹைப்பர் திரெடிங் உள்ள புரோசசரில் ஒரு கோர் இரண்டு திரெடாகக் காட்டிக்கொள்ளும். ஒரு திரெட் மெமரிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மற்றொன்று வேலை செய்யும். டேட்டாபேஸ் வேலையில் இது உண்மையிலேயே உதவும், ஆனால் இரட்டிப்பாகாது. கிளவுடில் இது இன்னும் குழப்பம். அமேசானின் பெரும்பாலான இன்டெல் இன்ஸ்டன்ஸ்களில் ஒரு விசிபியு என்பது ஒரு திரெட். அவர்களுடைய சொந்த கிராவிட்டான் புரோசசரில் ஒரு விசிபியு என்பது ஒரு முழு கோர். 8 விசிபியு எதிர் 8 விசிபியு என்று எழுதினால், 4 கோரை 8 கோரோடு ஓட விட்டிருக்கிறோம். விலைக்கு விலை ஒப்பிடுகிறோம் என்றால் அது தப்பில்லை, வாடிக்கையாளர் கொடுப்பது விசிபியுவுக்கான காசுதானே. "இந்தப் புரோசசரின் கோர் அந்தப் புரோசசரின் கோரைவிட மேல்" என்று எழுதினால்தான் தப்பு.

கிகாஹெர்ட்ஸும் அப்படித்தான். ஏஎம்டி 2001-இல் 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு சிப்புக்கு அத்லான் எக்ஸ்பி 1800+ என்று பெயர் வைத்தது, கடிகார வேகம் மட்டும் திறமை இல்லை என்று சொல்வதற்காக. டேட்டாபேஸுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கங்கே சிதறிக் கிடக்கும் பதிவுகளைத் தேடுவதால் புரோசசர் மெமரியை அடிக்கடி எதிர்பார்த்து நிற்கும். கேஷ் பெரிதாக இருந்தால் அந்த நிற்றல் குறையும்.

பிறகு வெப்பம். டர்போ உள்ள புரோசசர் குளிர்ச்சியாக இருக்கும்போது முதல் கொஞ்ச நேரம் வேகமாக ஓடிவிட்டு, சூடேறியதும் இறங்கிவிடும். மத்தியானம் ஹாஸ்டல் அறையில் மின்விசிறிக்குக் கீழே வைத்து ஓட்டிய லேப்டாப்பையும், லேப்பில் ஏர்கோனில் ஓடிய சர்வரையும் ஒப்பிட்டால் பாதி ஒப்பீடு மலாக்கா வெயிலைப் பற்றியது. இரண்டையும் ஒரே அறையில், சார்ஜர் செருகி, மின்சேமிப்பு நிலையை எடுத்துவிட்டு ஓட்டணும். கிளவுடில் டி3 மாதிரியான மலிவு இன்ஸ்டன்ஸ்களுக்கும் இதுபோல் ஒரு குணம் உண்டு. சேர்த்து வைத்த கிரெடிட் இருக்கும்வரை வேகம். கிரெடிட் தீர்ந்தால், அமைப்பைப் பொறுத்து, வேகம் குறையும் அல்லது கூடுதல் காசு ஏறும்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது? ஒரு நிமிடம் போதாது. போஸ்ட்கிரஸ் மெமரியில் மாறிய பக்கங்களை எல்லாம் டிஸ்க்குக்கு அனுப்பும் செக்பாயிண்ட் வேலையை வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை செய்யும். ஒரு நிமிடச் சோதனையில் அது வராமலே போய்விடும், எண் அழகாக இருக்கும். அரை மணி நேரம் ஓட்டுங்கள், முதல் சில நிமிடத்தைச் சேர்க்காதீர்கள், ஐந்து முறை திரும்பச் செய்யுங்கள். ஐந்தும் எவ்வளவு விலகி வருகின்றன என்று பார்க்க வேண்டும். ஒரே சர்வர் தனக்குத் தானே 6 விழுக்காடு மாறி மாறி வருகிறதென்றால், மற்றதைவிட 4 விழுக்காடு மேல் என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை. சோதனை கொடுக்கும் கருவியை வேறு கணினியில் வையுங்கள். அதே சர்வரில் வைத்தால் அதுவும் புரோசசரைத் தின்னும்.

பயனர் எண்ணிக்கையில் ஒரு நுணுக்கம். இரண்டுக்கும் 16 பயனர் என்று வைத்தால் சமம்தானே என்று தோன்றும். ஆனால் 32 கோர் உள்ளவனுக்கு 16 பயனர் பாதி வயிற்றுக்குக்கூடக் காணாது. 1, 2, 4, 8 என்று 64 வரை ஏற்றி, ஒவ்வொன்றிலும் வந்த எண்ணைக் கோடாக வரையுங்கள். எங்கே கோடு படுத்துவிடுகிறது என்பதுதான் தெரிய வேண்டியது.

பெரியவர்கள் ஆடிய ஆட்டம்

இதெல்லாம் மாணவர்கள் மட்டும் தடுக்கி விழும் இடம் என்று நினைக்க வேண்டாம். 1985 ஏப்ரலில் ஜிம் கிரே என்ற அறிஞரும் இருபதுக்கு மேற்பட்ட நண்பர்களும் சேர்ந்து, தங்கள் பெயரைப் போடாமல், டேட்டாமேஷன் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வங்கியில் பணம் போட்டு எடுக்கும் வேலையை அடிப்படையாக வைத்து டெபிட் கிரெடிட் என்ற சோதனையை அதில் விளக்கினார்கள். அதிலே ஒரு நல்ல விதி: வேகம் கூடக் கூட வங்கியும் பெரிதாக வேண்டும். வேகமான சர்வர் என்று சொல்லிக்கொண்டு சின்ன டேட்டாவில் ஆட முடியாது. பிஜிபெஞ்சின் கிளை, காசாளர், கணக்கு எல்லாம் அந்தக் குடும்பத்து வாரிசுகள்தான்.

கம்பெனிகள் என்ன செய்தன? காசாளர் முனையத்தையும் நெட்வொர்க்கையும் எடுத்துவிட்டு, உள்ளுக்குள்ளேயே வேலையைக் கொடுத்து, அதற்கு டிபி1 என்று பெயர் வைத்துப் பெரிய பெரிய எண்களை விளம்பரம் செய்தன. இந்தக் கூத்தை அடக்கத்தான் 1988-இல் டிபிசி என்ற மன்றம் அமைந்தது. அதன் விதிப்படி முழு அமைப்பின் விலையையும் சேர்த்து வெளியிட வேண்டும். 1992-இல் வந்த டிபிசி-சி சோதனையில் ஒரு கிடங்குக்கு நிமிடத்துக்கு 12.86-க்கு மேல் புதிய ஆர்டர் எடுக்க முடியாதபடி கட்டியிருக்கிறார்கள். எண் பெரிதாக வேண்டுமென்றால் கிடங்குகளைக் கூட்டியே ஆக வேண்டும். இதற்கிடையில் 1993-இல், ஆரக்கிள் தன் டேட்டாபேஸில் டிபிசி-ஏ சோதனைக்காகவே ஒரு வசதியைச் சேர்த்தது என்று ஸ்டாண்டிஷ் குரூப் குற்றம் சாட்டியது. ஆரக்கிள் மறுத்தது. அந்தத் தகராறுக்குப் பிறகு, சோதனைக்கென்றே செய்யப்படும் சிறப்பு வசதிகள் கூடாது என்று டிபிசி விதி எழுதியது. எனக்கு இதில் பிடித்தது, தண்டனையைவிட அந்த விதியை எழுதிய விதம். உண்மையான வாடிக்கையாளர் பயன்படுத்துவாரா என்பதுதான் அவர்கள் வைத்த அளவுகோல்.

உங்கள் இறுதியாண்டு புரோஜெக்டிலோ கமிட்டிக்குக் கொடுக்கும் தாளிலோ என்ன எழுத வேண்டும் என்பது இப்போது ஓரளவு தெரிந்திருக்கும். புரோசசரின் பெயர், கோர், திரெட், மெமரி, டிஸ்க், டேட்டாபேஸ் பதிப்பு, டேட்டாவின் அளவு, எந்த செட்டிங்கை மாற்றினீர்கள், புரோசசர் எத்தனை விழுக்காடு உழைத்தது. சராசரி வேகத்தோடு, நூற்றில் மிக மெதுவான அந்த ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதையும் எழுதுங்கள். விலையை வெள்ளிக் கணக்கில் போடுங்கள். மென்பொருள் உரிமத்தையும் மறக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் எஸ்.கியு.எல். சர்வர் மாதிரியானவை கோருக்கு இவ்வளவு என்று காசு கேட்கும். 8 கோரில் 40,000 செய்வது கோருக்கு 5,000. 16 கோரில் 60,000 செய்வது கோருக்கு 3,750. மொத்த எண்ணில் ஜெயித்தது உரிமக் கட்டணத்தில் தோற்றுவிடலாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஆரக்கிள், எஸ்.கியு.எல். சர்வர் போன்றவற்றின் உரிம ஒப்பந்தத்தில், சோதனை முடிவுகளை அனுமதியில்லாமல் வெளியிடக் கூடாது என்ற வரி இருக்கும். 1983-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டிவிட்டும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட ஒப்பீட்டில் ஆரக்கிளின் எண்கள் நன்றாக இல்லை. அதிலிருந்து பிறந்ததால் அந்த வரிக்கு டிவிட் ஷரத்து என்றே பெயர். ஆய்வுக் கட்டுரைகளில் "டேட்டாபேஸ் எக்ஸ்" என்று பெயரில்லாமல் ஒன்று வருவது இதனால்தான். போஸ்ட்கிரஸுக்கு அந்தத் தொல்லை இல்லை, தாராளமாக வெளியிடலாம்.